புலியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிய பசு

ஆவடியில் வந்து இறங்கிய மறுநாள் காலை தொழிற்சாலைச் சங்கு ஊதியது. பக்கத்தில் படுத்திருந்த மகள் கயல் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "அப்பா, கப்பல் வந்துடுச்சா?"

எங்கள் வீடு இருக்கும் சேக்காட்டுக்குக் கப்பல் வராது. தண்ணீர் லாரி வரும், பால் வண்டி வரும், மழை வந்தால் தெருமுனைச் சாக்கடை வாசல் வரைக்கும் வரும். கடல் என்பது மின்சார ரயிலில் ஏறிக் கடைசியில் இறங்கி, அதற்கும் அப்பால் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று. ஆனால் ஒன்பது வயதுக் கயல் பிறந்து வளர்ந்தது பெர்கனில். நார்வேயின் மேற்குக் கரையில், மழை சொந்த வீட்டுக்கு வருவதுபோல வந்து தங்கிவிடும் ஊர். எங்கள் குடியிருப்புக்குக் கீழே ஃபெர்ரிக் கப்பல் துறை. காலையில் மூடுபனிக்குள்ளிருந்து ஃபெர்ரி ஊதினால் அவள் ரொட்டியைக் கடித்தபடி ஜன்னலுக்கு ஓடுவாள். நானோ காபிக் கோப்பையோடு அசையாமல் நிற்பேன். அடுத்து அப்பா தொழிற்சாலைக்குக் கிளம்பச் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிடும் சத்தம் வரவேண்டுமே என்று காது காத்திருக்கும். வராது. ஒரே ஊதல்தான். அவளுக்கு அது கப்பல், எனக்கு அது ஷிப்டு. ஒரே வீட்டில் படுத்து இரண்டு ஊர்களில் விழிக்கிறோம்.

இந்த முறை போனது விடுமுறைக்காக அல்ல. அக்கா கூப்பிட்டாள், போனேன். தேவகி அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். கம்பெனி ஓசூருக்கு இடம் மாறுகிறது. அடுத்த மாதக் கடைசிக்குள் அவளும் போயாக வேண்டும். இல்லாவிட்டால் ஓய்வுபெறக் கொஞ்ச காலமே இருக்கும்போது வேலை போய்விடும். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அம்மா போன பிறகு அப்பாவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அப்பா எண்பதை நெருங்குகிறார். சர்க்கரை, ஒரு காது மந்தம், குளியலறையில் ஒருமுறை விழுந்து எழுந்ததிலிருந்து இடது காலை நம்பாத நடை. ஓசூருக்கு வரமாட்டார். நார்வே என்றால், "ஐஸ் பெட்டிக்குள்ள என்னைய எதுக்குய்யா வைக்கப் பாக்க?" என்பார். "வீடியோல தலையாட்டாத. நேர்ல வந்து ஒரு முடிவு சொல்லு," என்றாள் அக்கா. என் மனைவி சுமதிக்கு ஆஸ்பத்திரியில் விடுப்பு கிடைக்கவில்லை. அவளுடைய ஷிப்டுக்கு நடுவில் பிள்ளையைத் தனியே விட முடியாது. பள்ளியின் இலையுதிர்கால விடுமுறையோடு கொஞ்சம் அனுமதி வாங்கி, கயலை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முடிவு மட்டும் வரவில்லை. தட்டின் முன்னால் உட்காரும்போதெல்லாம் இப்போது கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அக்கா கேட்கவில்லை. ரசம் ஊற்றினாள், அப்பளத்தை நகர்த்தி வைத்தாள், ஃபேனைக் கூட்டினாள். கேட்காமல் இருப்பதிலும் ஒரு கேட்பது உண்டு.

முடிவு சொல்லப் போனவன் எதற்குக் கதைகளைப் பற்றிப் பேசுகிறான் என்று தோன்றலாம். என் குழப்பம் முதலில் கதையாகத்தான் என் வீட்டுக்கு வந்தது. கயலின் வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் வீட்டில் சொல்லப்படும் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார்கள். அந்த வகுப்பில் சோமாலியா உண்டு, போலந்து உண்டு, வியட்நாம் உண்டு. கயல் நான் சொல்லிக்கொடுத்த பசு, புலிக் கதையைத் தேர்ந்தெடுத்தாள். உங்களுக்குத் தெரிந்த கதைதான். காட்டில் பசு புலியிடம் மாட்டுகிறது. வீட்டில் கன்று பசியோடு இருக்கிறது, பால் கொடுத்துவிட்டு வருகிறேன், பிறகு என்னைத் தின்றுகொள் என்கிறது. புலி விடுகிறது. பசு கன்றுக்குப் பால் கொடுத்து, அதை மற்ற மாடுகளிடம் ஒப்படைத்துவிட்டு, சொன்னபடி திரும்பி வந்து நிற்கிறது. புலி மனம் இளகி விட்டுவிடுகிறது.

அடுத்த வாரம் அவளுடைய ஆசிரியை மாரித் என்னை வரச்சொன்னார். மெழுகுவத்தி ஏற்றிய மேசை, இரண்டு கோப்பை தேநீர், மிகவும் கனிவான முகம். அந்த ஊரில் கனிவு கூடினால் விஷயம் பெரியது என்று அர்த்தம். கதையில் அம்மா எதற்காகத் திரும்பிப் போகிறாள் என்று வகுப்பில் யாருக்கும் புரியவில்லையாம். ஒரு பையன் அழுதுவிட்டானாம். "உங்கள் வீட்டில் யாராவது தூரமாகப் போகப்போகிறார்களா? கயலுக்கு அப்படி ஏதாவது பயம் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை, இல்லை, பசு சாகாது என்று அவசரமாகச் சொன்னேன். என் நார்வேஜிய மொழி அவசரத்தில் கால் இடறும். "கடைசியில் புலி மாமா ஆகிவிடும்," என்றேன். அவர் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "அந்த மாமா இப்போது எங்கே இருக்கிறார்? உங்கள் வீட்டுக்கு வருவதுண்டா?" சிரிக்க வேண்டிய இடம்தான். கதைக்கு வெளியே வரும் வழி தெரியாமல், கதைக்குள் இருந்த ஒரு புலிக்காக நான் உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

புலி மாமா ஆனதற்கும் காரணம் உண்டு. சேக்காட்டு வீடு வருவதற்கு முன் நான் வளர்ந்தது அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். எங்கள் வரிசையில் இருந்த எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள். அப்பா சாத்தூர்ப் பக்கம், எதிர்வீடு தஞ்சாவூர், கடைசி வீடு தர்மபுரி. கரண்ட் போன சாயங்காலங்களில் பிள்ளைகள் வாசல்படிகளில் குவிந்துவிடுவோம். அதே பசு, அதே புலி. வீட்டுக்கு வீடு வேறு முடிவு. தஞ்சாவூர் மாமி சொன்னதில் புலி வெட்கப்பட்டு மலையிலிருந்து குதித்துவிடும். தர்மபுரிக்காரர் சொன்னதில் புலி பசுவைத் தின்றுவிட்டு ஏப்பம் விடும், நாங்கள் கத்தினால், "புலின்னா திங்காதா? நீ திங்கறது என்ன?" என்று சண்டைக்கு வருவார். அப்பா சொன்னதில் புலி பசுவைத் தங்கச்சி என்று கூப்பிடும். கன்றுக்குத் தாய்மாமனாகி, காதுகுத்துக்குச் சீர் கொண்டுவரும். புலி தோளில் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வரும் காட்சியில் நாங்கள் உருண்டு சிரிப்போம். இப்போது நினைத்தால் வேறொன்று தெரிகிறது. சொந்த மண்ணை விட்டுவந்து, பேர் தெரியாத மனிதர்களுக்கு நடுவில் பிள்ளை வளர்த்தவர்கள் அவர்கள். பயமுறுத்துகிறவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு வீடும் தனக்குத் தெரிந்த பதிலை வைத்திருந்தது. உறவாக்கிக்கொள் என்பது அப்பாவின் பதில்.

சேக்காட்டு வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கயல் அவளுடைய ஊர்க் கதையைச் சொன்னாள். மூன்று ஆடுகள், ஒரு மரப்பாலம், அடியில் ட்ரோல் என்கிற பூதம். முதலில் வரும் குட்டி ஆட்டைப் பூதம் தின்னப் பார்க்கிறது. 'நான் சின்னவன், பின்னால் என்னைவிடக் கொழுத்தவன் வருகிறான்' என்று சொல்லி அது தப்பிக்கிறது. நடு ஆடும் அதையே சொல்கிறது. கடைசியில் பெரிய ஆடு வந்து பூதத்தை முட்டித் தூக்கி ஆற்றில் எறிகிறது. பாலர் பள்ளியில் அவர்கள் பெஞ்சைப் பாலமாகப் போட்டு இதை நடிப்பார்கள். எல்லோருக்கும் குட்டி ஆடாகத்தான் ஆசை. கயல் கூடத்து மோடாவைப் பாலமாக்கித் தடதடவென்று நடந்து காட்டினாள். அப்பா கொத்தவரங்காய் கிள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அக்கா இட்லி மாவுப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கியபடி வாசற்படியில் நின்றாள்.

"இன்னாடி கயலு, தன்னை உட்டுட்டு அண்ணனைத் தின்னுக்கோன்னு சொல்லுது? அதுக்கு அடி உதை இல்லையா?"

"இல்ல அத்தை. அது புத்திசாலி."

"காட்டிக்கொடுக்கிறது இல்லக்கா அது," என்றேன் நான். ஆசிரியையிடம் எனக்குச் சொல்லத் தெரியாத விளக்கம் அக்காவிடம் சரளமாக வந்தது. "பெரியவன் சமாளிப்பான்கிற நம்பிக்கை. அங்க அப்படித்தான். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பலத்துக்கு ஏத்த மாதிரி பாலத்தைத் தாண்டணும். யாரும் யாருக்காகவும் சாக வேணாம்."

"ஆமாண்டா. அந்த நம்பிக்கையிலதான் எல்லாம் தாண்டிப் போறீங்க. பெரிய ஆட்டை யாருனா ஒரு வார்த்தை கேட்டீங்களா, உனக்கு முட்டுறதுக்குத் தெம்பு கீதான்னு?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கயலும் புரியாமல் சிரித்தாள். அப்பா மறுபடி கொத்தவரங்காயை எடுத்தார். எனக்கு மட்டும் கூடம் கொஞ்சம் சாய்ந்தது.

அன்று அதோடு முடியவில்லை. ஆட்டுக் கதை முடிந்ததும், தாத்தாவின் கதை தனக்கும் தெரியும் என்று கயல் ஆரம்பித்தாள். பசு மாட்டிக்கொண்டது வரை நன்றாக வந்தது. பிறகு, "பசு புலிகிட்ட பை சொல்லிட்டுப் போயிடுச்சு," என்றாள்.

"என்ன சொல்லிச்சு?" அப்பா காதைத் திருப்பினார்.

"பை. அதான் தாத்தா, 'வரேன்'னு சொல்லுச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கயலுக்கு 'வரேன்' என்றால் விடைபெறுவது, அவ்வளவுதான். தொலைபேசியில் நாங்கள் சொல்வது, நண்பர்கள் வீட்டு வாசலில் சொல்வது. அதற்குள்ளே ஒரு வருகை மடித்து வைக்கப்பட்டிருப்பது அவளுக்குத் தெரியாது. வகுப்பில் அவள் அதை 'ஹா தே' என்றுதான் மொழிபெயர்த்திருக்கிறாள். நார்வேயில் எல்லோரும் சொல்லிக்கொண்டு கிளம்பும் சொல். ஆக, அந்தப் பிள்ளைகள் கேட்ட கதையில் பசு புலிக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பை சொல்லித் தப்பித்து வீட்டுக்குப் போய்விட்டது. பிறகு ஏனோ, கன்றை விட்டுவிட்டு, தானாகவே சாக வந்து நின்றது. அந்தப் பையன் அழாமல் என்ன செய்வான்?

அவளைத் திருத்த வாயெடுத்தேன். முடியவில்லை. ஏனென்றால் எனக்கே இப்போது சந்தேகம். இருபது வருஷத்துக்கு முன்னால், கப்பல் பம்புகளுக்கு வரைபடம் போடும் வேலை கிடைத்து இதே வாசலில் நின்று, "ரெண்டு வருஷம்ப்பா, வரேன்," என்று சொன்னேனே, அது எந்த 'வரேன்'? சொன்னவனுக்கு ஒன்றாகவும் கேட்டவருக்கு வேறாகவும் ஒரு சொல் இத்தனை காலம் இருந்திருக்க முடியுமா? புலியாயிருந்தால் எப்போது வருவாய் என்று கேட்டிருக்கும். அப்பா கேட்கவில்லை.

"தாத்தா," என்றாள் கயல், "பசு வீட்டுக்குப் போயிடுச்சு. கன்னு பால் குடிச்சிடுச்சு. அப்போ புலி என்ன சாப்பிட்டுச்சு?"

எந்த வீட்டுக் கதையிலும் இது இல்லை. நாங்கள் யாருமே கேட்டதில்லை. அப்பா முறத்தில் கிடந்த நார்களைத் தட்டிச் சேர்த்தார்.

"அது அன்னைக்குப் பட்டினிதான் கெடந்திருக்கும்மா," என்றார்.

மறுநாள் நானும் அக்காவும் அப்பாவிடம் சொல்லாமல் பூந்தமல்லிப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்க்கப் போனோம். பெர்கனில் என்னோடு வேலை செய்யும் ஊலாவின் அம்மா அப்படி ஓர் இடத்தில்தான் இருக்கிறார். ஞாயிறுதோறும் அவன் பூங்கொத்தோடு போய்வருகிறான், முகத்தில் குற்றவுணர்வின் ஒரு கீறலும் இல்லாமல். அந்த முகத்தை இரவல் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனேன். சுத்தமான இடம். ஃபினாயில் வாசம், வெள்ளைச் சுவர், துளசிச் செடி. நடையில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்பத்தூர் பஸ் போயிடுச்சா தம்பி?" என்றார். இன்னும் இல்லை என்றேன். நிம்மதியாகப் போய் உட்கார்ந்தார். வெளியே வந்து பைபாஸ் ஓரத்தில் இளநீர் குடித்தோம். "வேணாண்டா," என்றாள் அக்கா. "நான் வேலைய உட்டுர்றேன்." அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பூந்தமல்லி வரைக்கும் போயிட்டு வெறுங்கையோட வந்திருக்கீகளே. ரெண்டு முழம் பூவாவது வாங்கியாந்திருக்கலாம்ல."

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். கயலை அங்கே கூட்டிப்போனபோது லோகு வந்தான். என்னோடு படித்தவன், அவர்களுடைய நிலம் முன்பு ஏரிப் பாசனத்தில் இருந்தது. இப்போது தண்ணீர் கேன் போடுகிறான். என் வீட்டு விஷயம் முழுதும் அவனுக்குத் தெரியும்.

"இன்னா மாமே, மூஞ்சி தொங்கிப் போய்க்கீது?"

"முடிவெடுக்க முடியலடா."

"நைனாவுக்கு நான் கீறேன். காலைல கேன் போடச்சொல்ல ஒரு எட்டு பாத்துகினு போறேன். என் மச்சினி சோறு ஆக்கிக் குட்த்துடும். ஆனா ஒண்ணு." அவன் கயலைப் பார்த்தான். அவள் தண்ணீரில் கல் விட்டெறிந்துகொண்டிருந்தாள். "பகல்ல நாங்க பாத்துப்போம். ஊட்டுக்குள்ள ஒரு ஆளு வோணும் மாமே. உழுந்தா தூக்க இல்ல. உழுந்துட்டேன்னு சொல்றதுக்கு."

"அந்த ஊர்ல அதுக்கு ஒரு பட்டன் இருக்குடா. கழுத்துல மாட்டிப்பாங்க. அமுக்கினா ஆள் வரும்."

"நல்லதாப் போச்சு. உங்க நைனா அமுக்குவாரா?"

அமுக்கமாட்டார். யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்லாத மனிதர். ஏரியின் அந்தப் பக்கம் புதிதாக எழுந்த அடுக்குமாடிகளில் விளக்குகள் வரத் தொடங்கியிருந்தன. என் கதைகள் எதுவும் எனக்குப் பொருந்தவில்லை என்று அந்த வெளிச்சத்தில் தோன்றியது. பெர்கனில் இருக்கும்போது சேக்காடு பசித்த கன்று, நான் கட்டுண்டு நிற்கும் இடம் புலி. சேக்காட்டில் இருக்கும்போது கன்று அங்கே போய்விடுகிறது. இரண்டு காட்டிலும் மேய்ந்து இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்த மாட்டுக்கு எந்த ஊரிலும் கதை கட்டவில்லை. நார்வேக்காரர்கள் பிள்ளைகளுக்குத் தைரியத்தைச் சொல்லித்தருகிறார்கள், நாம் சொன்ன சொல்லைக் காப்பதைச் சொல்லித்தருகிறோம். எனக்கு இரண்டிலும் பாதிப் பாதிதான் தேறியது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது சொன்னேன். கயலைப் பள்ளியில் விட்டுவிட்டு, சம்பளமில்லா விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, அக்கா ஓசூர் கிளம்பும் முன் வந்துவிடுவதாக. ஆறு மாதம் இருப்பதாக. அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று. அக்கா கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நம்ப ஆசைப்பட்ட முகம். விடுப்பு கிடைக்குமா, சுமதி தனியாகச் சமாளிப்பாளா, ஆறு மாதத்தில் கயல் என்னை எந்தச் சொல்லால் நினைப்பாள். இவை எதையும் நான் சொல்லவில்லை. அப்பா, "மோர் ஊத்திக்கோ," என்றார்.

மறுநாள் அக்கா வேலைக்குக் கிளம்பும்போது கயலை அணைத்துக்கொண்டு அவசரமாக நெற்றியில் முத்தமிட்டாள். "உங்கப்பன் ஏமாத்தினான்னா நீ அனுப்பிவைடி," என்றாள். என் பக்கம் திரும்பாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். மதியத்துக்கு மேல் விமான நிலையம் போக டாக்ஸி வந்தது. லோகு பெட்டிகளை ஏற்றிவிட்டுக் கேன் வண்டியோடு அடுத்த தெருவுக்குப் போனான். பெட்டியில் இடமில்லாமல் குளிர் அங்கிகள் இரண்டும் என் கையில் இருந்தன. ஆவடி வெயிலில், கம்பளி மடிப்புகளுக்குள் முழங்கை வரை வியர்த்து நின்றேன். "இன்னா சார், இந்த வெயில்ல ஸ்வெட்டரு?" என்று டிரைவர் சிரித்தார். நாளை போய் இறங்கும் ஊரில் இது இல்லாமல் வெளியே நிற்க முடியாது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? கயல் ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டு மறுகாலைத் தெருவிலேயே விட்டிருந்தாள். அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்பக்கமே நின்றார், இடது காலில் பாரம் போடாமல்.

டிரைவர் போனில் எதையோ தட்டிவிட்டுத் தலையை நீட்டினார். "ஏர்போர்ட் டிராப் மட்டுமா சார்? ரிட்டர்ன் யாருனா வராங்களா?"

நான் நிமிர்வதற்குள் அப்பா சொன்னார்.

"டிராப் மட்டும்தாம்ப்பா. ரிட்டர்னுக்கெல்லாம் காத்துக்கிட்டு நிக்க வேணாம்."